தேங்காய்ச் சம்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் காலைத் தட்டில் இடியப்பம் இருக்கலாம், புட்டு இருக்கலாம், வெறும் பாண் (பிரெட்) துண்டுகளும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு பிடி சிவப்புச் சம்பல் இருந்தால்தான் அது காலைச் சாப்பாடாகக் கணக்கில் வரும். தமிழர் தேங்காய்ச் சம்பல் என்றும் இடிசம்பல் என்றும் சொல்வதும், சிங்களவர் பொல் சம்போல என்பதும் ஏறத்தாழ ஒரே பண்டம். ஐந்தாறு பொருள்கள், கால்மணி நேரம், அடுப்பில் வேலை மிகக் குறைவு. ஆனாலும் வீட்டில் செய்தால் கடையில் சாப்பிட்டது போல் வரவில்லை என்ற குறை ஓயாமல் கேட்கிறது. வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஈரத்தில் வந்து நிற்பவை என்பதைப் படிக்கும்போதே கண்டுகொள்வீர்கள்.

சம்பலும் தேங்காய்ச் சட்னியும் ஒன்றுதானே?

இல்லை. தமிழ்நாட்டுத் தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை சேரும், நீர் விட்டு அரைபடும், மேலே தாளிதம் விழும். சம்பலில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. தேங்காயிலும் வெங்காயத்திலும் தேசிக்காயிலும் (தமிழ்நாட்டில் எலுமிச்சை என்பார்கள்) உள்ள ஈரம் மட்டுமே போதும். அரைப்பதும் இல்லை; இடிப்பதும் பிசைவதும்தான். முடிந்த சம்பலைக் கையில் எடுத்து அழுத்தினால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். இந்தியாவில் இதற்கு மிக நெருங்கிய உறவு கேரளத்தில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்மந்தி.

ஒரு விலக்கு உண்டு. தோசைக்கு என்று வந்தால் யாழ்ப்பாணத்தில் நீர் விட்டு இளக்கமாக அரைத்து, கடுகும் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறார்கள். அதையும் சம்பல் என்றே அழைக்கிறார்கள். அதன் சுவையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் பேசப்படுவது அது அல்ல.

அடிப்படைச் செய்முறை என்ன?

நான்கு பேருக்கு அரைத் தேங்காய் போதும். துருவினால் ஒன்றரைக் கோப்பை அளவுக்குப் பூ கிடைக்கும். (துருவிய தேங்காயை யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூ என்பார்கள். இனி நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.) செத்தல் மிளகாய் எட்டு, அதாவது காய்ந்த சிவப்பு மிளகாய். சின்ன வெங்காயம் எட்டுப் பத்து. கல்லுப்பு முக்கால் தேக்கரண்டி. தேசிக்காய் பாதி. கறிவேப்பிலை ஒரு நெட்டு. மாசி (உலர்த்திய சூரை மீன்) விருப்பம், அதைப் பற்றித் தனியே கீழே இருக்கிறது.

வரிசைதான் இங்கே முக்கியம். முதலில் மிளகாயையும் உப்பையும் மட்டும் உரலில் போட்டு இடியுங்கள். கல்லுப்பின் முனைகள் மிளகாய்த் தோலைக் கிழிக்கும். பொடி உப்பு அந்த வேலையைச் செய்யாது. தோல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நொறுங்கிய பிறகு கறிவேப்பிலை. அது மணம் விட்டதும் வெங்காயத்தைப் போட்டு நான்கைந்து குத்து. வெங்காயம் நசுங்கினால் போதும், கூழாகக் கூடாது. கடைசியில் தேங்காய்ப்பூ. இந்த இடத்தில் உலக்கையை மெதுவாக இறக்கி, ஓரத்தில் ஒதுங்குவதைக் கையால் நடுவே தள்ளித் தள்ளி இடிக்க வேண்டும். வெள்ளைப் பூ இளஞ்சிவப்பாகி, பிறகு செம்மஞ்சளாகி, எங்கும் ஒரே நிறம் வந்ததும் நிறுத்துங்கள். கோப்பைக்கு மாற்றிய பிறகே தேசிக்காயைப் பிழிந்து, விரல் நுனிகளால் பிரட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி இடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வெங்காயச் சாறு முதலிலேயே இறங்கிவிட்டால் மிளகாய் அதில் நழுவிக்கொண்டு ஓடும், நொறுங்காது. பிறகு வாயில் தோல் தோலாக அகப்படும். தேங்காய் முன்கூட்டியே விழுந்துவிட்டால், மிளகாய் மசியும் நேரத்துக்குள் பூ பால் விட்டுச் சக்கையாகிவிடும்.

உரல் இல்லை, அம்மியும் இல்லை. மிக்ஸியில் செய்யலாமா?

செய்யலாம், கட்டுப்பாடு வேண்டும். மிக்ஸியின் கத்தி வெட்டுகிறது, உலக்கை நசுக்குகிறது. வெட்டுப்பட்ட தேங்காய் தன் கொழுப்பை மிளகாய்க்குத் தருவது குறைவு. கூட ஓடவிட்டால் சூடேறி, பால் விட்டு, பசையாகிவிடும். அப்புறம் அது நீர் விடாத சட்னி, அவ்வளவுதான்.

சின்னச் சாடியை எடுத்து, மிளகாயையும் உப்பையும் உலர்வாகத் தூளாக்குங்கள். வெங்காயத்தைச் சேர்த்து ஒரே ஒரு சுற்று. அதோடு மிக்ஸியின் பங்கு முடிந்தது. கலவையை அகலமான கோப்பையில் கொட்டி, தேங்காய்ப்பூவைச் சேர்த்து, கையால் அழுத்திப் பிசையுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், கோப்பையின் சுவரோடு வைத்துத் தேய்ப்பது நல்லது. இரண்டு மூன்று நிமிடத்தில் நிறம் ஏறிவிடும். என் கணிப்பில் இப்படிச் செய்த சம்பல் உரல் சம்பலுக்குப் பத்தில் எட்டுப் பங்கு வரும். தேங்காயையும் மிக்ஸியில் போட்டால் பாதி கூட வராது.

சந்தைகளில் கிடைக்கும் சிறிய கல்லுரல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பேச்சே வேண்டாம்.

மிளகாயைப் பொரிக்க வேண்டுமா, சுட வேண்டுமா, அப்படியே போட வேண்டுமா?

மூன்றும் வழக்கில் இருக்கின்றன, மூன்றும் மூன்று சம்பல்கள். பச்சையாக, அதாவது எந்தச் சூடும் காட்டாமல் இடித்தால் நிறம் பளிச்சென்று வரும், காரம் கூர்மையாகக் குத்தும். தென்னிலங்கைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த வகை. அங்கே முழு மிளகாயைவிடக் கட்டைத்தூள் எனப்படும் கொரகொரப்பான மிளகாய்த் துகளே அதிகம் புழங்குகிறது.

யாழ்ப்பாணத்து இடிசம்பலுக்கு மிளகாயைச் சிறிது நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ பொரிப்பார்கள். சிறு தீயில், மிளகாய் உப்பி, கரும்பழுப்பாகிப் பளபளக்கும்போது எடுத்துவிட வேண்டும். இன்னும் சில விநாடி விட்டால் கருகிவிடும். பொரித்த மிளகாய் மொறுமொறுவென்று இருப்பதால் உரலில் இரண்டு குத்தில் நொறுங்கும், ஒரு வறுத்த மணமும் கூடும். சம்பலின் நிறம் சற்று மங்கும், போகட்டும். என் கட்சி இதுதான். பொரிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். வீடு முழுக்க இருமும்.

தணலில் சுடுவது விறகடுப்பு இருப்பவர்களுக்கான பேறு. எரிவாயு அடுப்பின் தீயில் நேரே காட்டினால் புகை மணம் வராது, கருகல் மணம்தான் வரும். தேங்காயையே சொட்டாக, அதாவது துண்டாக, தணலில் வாட்டி இடிக்கும் சம்பலும் உண்டு. நிறம் கறுப்பாக இருக்கும். அந்த மணத்துக்கு ஈடு இல்லை.

எந்த மிளகாய் நல்லது?

நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று கலப்பதே நடைமுறை. குண்டூர் வகை காரம். கர்நாடகத்தின் பியாடகி நிறம், சுருக்கம் விழுந்த தோல், காரம் குறைவு. எட்டு மிளகாயில் ஐந்து காரமானது, மூன்று நிறத்துக்கு என்றால் தட்டிலும் நாக்கிலும் சரியாக இருக்கும். இலங்கைச் சந்தையில் விற்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே போகிறது. ஆகவே சென்னையிலோ மதுரையிலோ இருந்துகொண்டு இலங்கை மிளகாயைத் தேடி அலைய வேண்டாம்.

காம்பைக் கிள்ளும்போது உள்ளே பாருங்கள். சாம்பல் நிறப் பூஞ்சணம் படிந்திருந்தால் அந்த மிளகாயை எறிந்துவிடுங்கள். பொரித்தால் போய்விடும் என்று சொல்வார்கள். பூஞ்சணம் சாகலாம், அது விட்டுவைக்கும் நஞ்சு சூட்டுக்கு எளிதில் அசையாது.

தேங்காயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முற்றிய தேங்காய், ஆனால் கொப்பரை ஆகாதது. காதருகே ஆட்டினால் நீர் சலசலக்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் ஒன்று மிக இளசு, நீர் நிறைந்திருக்கிறது. அல்லது வற்றிக் கொப்பரையாகிவிட்டது. கையில் தூக்கினால் எது என்று தெரியும்: முன்னது கனக்கும், பின்னது கனக்காது. இளசு இனிக்கும், நீர் விடும், கொழுப்புப் போதாது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களைச் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். இலங்கையின் தேங்காயில் பெரும்பங்கு அங்கே விளைவது. வடக்கில் பளை என்ற ஊரின் தேங்காய்க்குப் பெயர் உண்டு.

துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாதீர்கள். அந்தத் தோல் சம்பலுக்கு ஒரு துவர்ப்பும் அழுக்கு நிறமும் தரும். மீதியைக் கறிக்கு வைத்துக்கொள்ளலாம். துருவலையின் பல் நுண்மையாக இருக்க வேண்டும். நீளநீளமாக விழும் துருவல் மிளகாயைப் பிடிக்காமல் தனியே நிற்கும்.

தேங்காய் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காரத்தைத் தரும் கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். முற்றிய தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. இடிக்கும்போது அந்தக் கொழுப்பு வெளிப்பட்டு மிளகாயின் காரத்தையும் நிறத்தையும் வாங்கிக்கொள்கிறது. பூ சிவக்கிறது என்றால் இந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நீர் சேர்த்தால் அது நடுவில் புகுந்து கெடுக்கும்.

சொதிக்கு (தேங்காய்ப் பாலில் வைக்கும் இளங்குழம்பு) பால் பிழிந்த பூவில் சம்பல் செய்யலாமா?

செய்கிறார்கள். நான் செய்யமாட்டேன். பாலோடு கொழுப்பு போய்விட்டது, எஞ்சியது நார். மிளகாய் அதில் ஒட்டாது, வாயில் உமி மெல்வது போல் இருக்கும்.

ஆனால் தேங்காய் விலையைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்று புரிகிறது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியது. சம்பல் ஆடம்பரப் பண்டமாகிவிட்டது என்று வீட்டுக்கு வீடு அலுத்துக்கொண்ட காலம் அது. அத்தகைய நாளில் பாதித் தேங்காயைப் பிழியாமல் சம்பலுக்கு ஒதுக்கி, மறுபாதியில் பால் எடுத்துச் சொதியைச் சற்று இளக்கமாக வைத்துக்கொள்வதே உசிதம். சொதி இளகினால் தாங்கும். பிழிந்தே ஆக வேண்டும் என்றால் முதற்பாலை மட்டும் லேசாக எடுத்துவிட்டு நிறுத்துங்கள். அந்தப் பூவோடு ஒரு பிடி புதுப் பூவைக் கலந்தால் சமாளிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கிறோம். உறைய வைத்த பூ, உலர்ந்த துருவல் இவை சரிவருமா?

டொரொன்டோவின் ஸ்காபரோவிலும் லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் பாரிஸின் லா ஷபெல்லிலும் தமிழ்க் கடைகளில் உறைய வைத்த தேங்காய்ப்பூ கிடைக்கிறது. அது நன்றாகவே வரும். முழுதாக இளக விடுங்கள். உருகும் நீர் தேங்கினால் வடித்துவிட்டு, பூவை வெறும் சட்டியில் மிகச் சிறு தீயில் ஒரு நிமிடம் பிரட்டுங்கள். வறுபடக் கூடாது, கைக்கு இளஞ்சூடாக, ஈரம் வற்றியிருக்க வேண்டும்.

உலர்ந்த துருவலில் ஈரம் அநேகமாக இல்லவே இல்லை. பொதியில் சர்க்கரை சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேக்குக்கான இனிப்புத் துருவல் தவறி வந்துவிடும். ஒரு கோப்பைத் துருவலுக்கு மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி இளஞ்சூடான தேங்காய்ப் பாலைத் தெளித்து, மூடி, கால்மணி நேரம் வையுங்கள். நீரும் தெளிக்கலாம், பால்தான் சிறந்தது: கொழுப்பும் கொஞ்சம் கூடும். துருவல் பூப்போல விரிந்த பிறகே மிளகாய்க் கலவையில் சேர்க்க வேண்டும். குளிர்காலத்தில் வேறு வழி இல்லாதபோது கைகொடுக்கும். ஊர்ச் சம்பலை எதிர்பார்த்து உட்காராதீர்கள்.

மாசி சேர்ப்பது கட்டாயமா?

இல்லை. மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் கட்டையாகும் வரை காயவைத்தது. மாலைத்தீவின் பண்டம், இலட்சத்தீவிலும் செய்கிறார்கள், தூத்துக்குடிப் பக்கமும் கிடைக்கும். சிங்கள வீடுகளின் பொல் சம்போலவில் பெரும்பாலும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் அது இல்லாமலே செய்கின்றன. வெள்ளிக்கிழமை சைவமாக இருக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

சேர்ப்பதானால் அரைத் தேங்காய்க்கு ஒரு மேசைக்கரண்டி. மிளகாய் நொறுங்கிய கையோடு, வெங்காயத்துக்கு முன்பு, மாசியைப் போட்டுத் தூளாக இடிக்க வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் பல்லைச் சோதிக்கும். மாசியில் உப்பு உண்டு, கல்லுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கொழும்புக் கடைகளில் சாப்பிட்ட சம்பலின் சுவை வீட்டில் வரவில்லை என்று தவிக்கும் மரக்கறி உண்பவர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் தேடும் அந்தச் சுவை அநேகமாக மாசிதான்.

தேசிக்காயா, பழப்புளியா?

உடனே சாப்பிடுவதற்குத் தேசிக்காய். மதியம் வரை வைத்திருக்கவோ கட்டிக்கொண்டு போகவோ பழப்புளி. தேசிக்காய்ப் புளிப்பு முதல் அரைமணி நேரத்தில் உச்சத்தில் நின்று பிறகு மணம் இழக்கும். கொட்டை விழுந்து அதன் மேல் உலக்கையும் பட்டால் கசக்கும். பழப்புளியானால் கொட்டையும் நாரும் எடுத்து, நெல்லிக்காயில் பாதி அளவு, கரைக்காமல் அப்படியே மிளகாயோடு இடிக்க வேண்டும். கரைத்து ஊற்றினால் மறுபடியும் நீர் வந்துவிட்டது. பொரித்த மிளகாய்க்குப் பழப்புளியும், பச்சையாக இடித்த மிளகாய்க்குத் தேசிக்காயும் பொருந்துகின்றன என்பது என் நாக்கின் தீர்ப்பு. மாங்காய்க் காலத்தில் புளிப்பு மாங்காயைச் சீவிப் போட்டு இடித்தால் இரண்டுமே வேண்டாம்.

வினாகிரி (வினிகர்) வேண்டாம்.

பூண்டு, இஞ்சி, தக்காளி, சீனி?

இஞ்சி ஒரு சிறு துண்டு சேர்க்கலாம், புட்டுக்கு நன்றாக இருக்கும். பூண்டு வெங்காயத்தை அமுக்கிவிடும். தக்காளி என்றாலே நீர். சில கடைகளில் அளவைப் பெருக்கச் சேர்க்கிறார்கள். சீனி ஒரு சிட்டிகை போடுபவர்கள் உண்டு, தேங்காய் நன்றாக இருந்தால் அதற்கு வேலை இல்லை.

சம்பலின் பதம் கெட்ட பிறகு எப்படித் திருத்துவது?

காரம் கூடிவிட்டதா? தேங்காய்ப்பூ சேருங்கள், வேறெதுவும் வேண்டாம். ஆகவேதான் துருவியதில் ஒரு பிடியைக் கடைசி வரை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன். உப்புக் கூடினாலும் இதே மருந்து. புளிப்புக் கூடினால் இரண்டு வெங்காயத்தை மெல்லியதாக வெட்டிப் பிரட்டினால் தணியும்.

நிறம் வெளிறிக் கிடந்தால் மிளகாய் போதவில்லை என்று நினைத்து மேலும் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பிசைவதுதான் போதாமல் இருக்கும். இன்னும் ஒரு நிமிடம் அழுத்திப் பிசைந்து பாருங்கள்.

நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிட்டால் காரணம் வெங்காயம். உப்போடு கூடிய வெங்காயம் நேரம் போகப் போகச் சாறு விட்டுக்கொண்டே இருக்கும். பெரிய வெங்காயம் இன்னும் மோசம்; யாழ்ப்பாணத்துச் சிறிய சிவப்பு வெங்காயத்தில் நீர் குறைவு, உறைப்பு அதிகம். பெரியது மட்டும்தான் இருக்கிறது என்றால் மிகப் பொடியாக அரிந்து, துணியில் வைத்து ஒருமுறை பிழிந்துவிட்டுச் சேருங்கள்.

கசப்புக்கு மட்டும் மருந்து இல்லை. கருகிய மிளகாயின் கசப்பை எதுவும் மறைக்காது. தேங்காயைச் சேர்ப்பதற்கு முன்பே மிளகாய்த் தூளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டால் தேங்காயாவது தப்பும்.

எவ்வளவு நேரம் கெடாமல் இருக்கும்?

நம் வெயிலுக்குக் காலையில் செய்தது மதியத்தோடு முடிய வேண்டும். மாலையில் மோந்து பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று சாப்பிடுவது வீர விளையாட்டு. பச்சைத் தேங்காயில் ஈரமும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் முதலில் புளிக்கும், பிறகு சவர்க்காரம் (சோப்பு) போன்ற ஒரு சுவை வரும். தேங்காய்க் கொழுப்பு சிதையும்போது வெளியாகும் அமிலங்கள்தான் அந்தச் சுவைக்குக் காரணம். அது தெரிந்தால் எறிந்துவிட வேண்டியதுதான்.

செய்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். குளிர்ந்த சம்பல் கட்டியாக, மணமே இல்லாமல் இருப்பது அதனால்தான். கால்மணி நேரம் வெளியே வைத்துப் பிசைந்து, புதிதாக நாலு சொட்டுத் தேசிக்காய் விட்டால் உயிர் வரும்.

மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவர்கள் தேங்காய்ப்பூவை மட்டும் உறைய வையுங்கள். மிளகாய், உப்பு, மாசி மூன்றையும் உலர்வாக இடித்துப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து, வெங்காயம் நசுக்கிப் போட ஐந்து நிமிடம் போதும். முழுச் சம்பலைச் செய்து உறைய வைத்தால் வெங்காயம் துவண்டு நீர் விடும்.

மீந்த சம்பலை என்ன செய்வது?

அன்றைக்கே ரொட்டியாக்குங்கள். கோதுமை மாவில் சம்பலைக் கொட்டி, தேவைக்கு மட்டும் நீர் தெளித்துப் பிசைந்து, கையால் தட்டித் தோசைக்கல்லில் சுட்டால் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம். முட்டைப் பொரியலில் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் வெண்ணெயும் சம்பலும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. எண்ணெய் விடாமல் சட்டியில் சிறு தீயில் வறுத்து, ஈரம் முழுக்கப் போகச் செய்தால் இன்னொரு நாளுக்கும் தாங்கும். பயணத்துக்கு எடுத்துப் போக அது வசதி.

எதனோடு சாப்பிடுவது?

இடியப்பம், சொதி, சம்பல் மூன்றும் ஒன்றாக வந்தால் வேறு கறி தேவையில்லை. சொதியின் மஞ்சள் கலந்த மெல்லிய பால் இடியப்பத்தை நனைக்கும். சம்பல் நடுவில் வந்து குத்தும். புட்டோடு சம்பலைக் கையால் பிசைந்து சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் ஈரம் கூடுதலான சம்பல் நல்லது, இல்லாவிட்டால் விக்கும். பாணுக்கு அதற்கு நேர்மாறு: உலர்வாக இருக்க வேண்டும், ஈரச் சம்பலில் பாண் ஊறிவிடும். ரோஸ் பாணின் பொறுபொறுத்த மேல்தோலைப் பிய்த்து, அதில் சம்பலை அள்ளிச் சாப்பிடுவதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன்.

மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் ரொட்டியும் சம்பலும் நாளாந்த உணவு. அதிகாலையில் கொழுந்தெடுக்கக் கிளம்பும் முன் சுடும் தடித்த கோதுமை ரொட்டிக்கு, இடித்த மிளகாயும் வெங்காயமும் கூடுதலாக, தேங்காய் குறைவாகச் சேர்ந்த சம்பல். தேங்காய் மலையில் விளைவதில்லை, கீழேயிருந்து வர வேண்டும், காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தச் சம்பலின் காரம் சுவைக்காக மட்டும் வைத்தது அல்ல. கொஞ்சம் தொட்டு நிறைய ரொட்டி சாப்பிட வேண்டிய கணக்கும் அதில் இருக்கிறது.

கட்டைச் சம்பல், சீனிச் சம்பல் என்பவை இதுவேதானா?

கட்டைச் சம்பலில் தேங்காய் கிடையாது. மிளகாய், வெங்காயம், உப்பு, மாசி, தேசிக்காய், அவ்வளவே. சிங்களத்தில் லுணு மிரிஸ். பாற்சோற்றுக்கு அதுதான் துணை. சீனிச் சம்பல் வெங்காயத்தை எண்ணெயில் நெடுநேரம் வதக்கி, புளியும் சீனியும் மிளகாயும் சேர்த்துச் சுருட்டி எடுப்பது, வாரக்கணக்கில் கெடாது. வல்லாரைச் சம்பலில் தேங்காய் உண்டு, செத்தல் மிளகாய் இல்லை.

மிளகாய் வருவதற்கு முன் எப்படிச் செய்தார்கள்?

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கியது 1505இல். மிளகாய் அதற்குப் பிறகு வந்தது. அதற்கு முன் தீவின் காரம் மிளகு. தேங்காய்ப்பூவும் உப்பும் வெங்காயமும் மிளகும் சேர்த்து இடித்துப் பாருங்கள்: வெளிறிய, தொண்டையில் மெதுவாக ஏறும் ஒரு சம்பல் வரும். காய்ச்சல் விட்ட நாக்குக்கு நன்றாக இருக்கும். சிவப்புக்குப் பழகிய கண் மட்டும் முரண்டு பிடிக்கும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

காரத்தைக் குறைப்பதற்காகத் தனியாகச் செய்ய வேண்டாம். மிளகாயைச் சேர்க்கும் முன் விதைகளைத் தட்டி, உள்ளிருக்கும் வெள்ளை நரம்பையும் நீக்கிவிடுங்கள். காரத்தின் பெரும்பகுதி அந்த நரம்பில்தான். இன்னும் எரிகிறது என்றால் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துப் பயனில்லை, பாலோ தயிரோ கொடுங்கள். வயிற்றுப்புண் உள்ள பெரியவர்கள் வெறும் வயிற்றில் சம்பலைத் தொடாமல் இருப்பது நல்லது; அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிசைந்த கை எரிகிறது, என்ன செய்வது?

நீரில் கழுவினால் எரிச்சல் பரவும். முதலில் தேங்காய் எண்ணெயைக் கை முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நகக்கண்ணை மறக்காதீர்கள். பிசைவதற்கு முன்பே விரல்களில் இரண்டு சொட்டு எண்ணெய் பூசிக்கொண்டால் பாதி எரிச்சல் வராது. அது முடியும் வரை கண்ணைக் கசக்க வேண்டாம்.

உரலை எப்படிக் கழுவுவது? அடுத்த நாள் இடித்ததெல்லாம் காரமாகிறது.

சவர்க்காரம் போடாதீர்கள், கல் அதன் மணத்தைக் குடித்துவிடும். ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு மாவாகும் வரை இடித்துக் கொட்டுங்கள். மிளகாயும் எண்ணெயும் அதோடு வந்துவிடும். பிறகு சுடுநீர் ஊற்றித் தென்னந்தும்பால் தேய்த்து, கவிழ்த்து வையுங்கள். அந்த அரிசி மாவைக் கொட்ட மனமில்லாதவர்கள் ரொட்டி மாவில் சேர்த்துக்கொள்ளலாம். ஏலக்காய் இடிப்பதற்கு மட்டும் வேறு உரல் வைத்துக்கொள்ளுங்கள்.